எர்ஃபுர்ட்டிலிருந்து திரெந்து வரை: மாமாவுடன் ஒரு வேதப் பயணம்

ஞாயிறு, எர்ஃபுர்ட்

அகுஸ்தீனியத் துறவிகளின் பழைய மடத்திலேயே தங்க இடம் கிடைத்துவிட்டது. மடம் இப்போது புராட்டஸ்டன்ட் திருச்சபையின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக நடத்துகிறார்கள். அறையில் கட்டில், மேசை, நாற்காலி. தொலைக்காட்சி கிடையாது. அடுத்த அறையில் மாமா, அதாவது என் கணவரின் அப்பா. பொறையாறில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பரம்பரை லுத்தரன். நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகும் பூசைக்குத்தான் போய்வருகிறேன். அதற்காக அந்த வீட்டில் யாரும் என்னிடம் முகம் கோணியதில்லை. ஆனால் மனிதன் எதனால் மீட்படைகிறான் என்ற பேச்சு எழுந்தால், விசுவாசமே போதும் என்று மாமா பவுலின் ரோமர் நிருபத்தை எடுப்பார், செயலும் வேண்டும் என்று நான் யாக்கோபின் நிருபத்தை எடுப்பேன், அதற்கு மேல் பேச்சு நகராது. அந்தச் சண்டை பிறந்த ஊர்களையே நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் இருவரும் கிளம்பினோம்.

1505 ஜூலை 2 அன்று இந்த ஊருக்கு அருகில் ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற இடத்தில் இடிமழையில் சிக்கிய சட்ட மாணவர் மார்ட்டின் லூத்தர், உயிர் பிழைத்தால் துறவியாவதாகப் புனித அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டார். ஜூலை 17 அன்று இந்த மடத்தின் கதவைத் தட்டினார். ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு கல்லறைப் பலகை பதிந்திருக்கிறது. கொன்ஸ்தான்சு பொதுச்சங்கத்தில் செக் நாட்டுச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸுக்கு எதிராக வாதாடிய யோவான் சக்கரியா என்ற அகுஸ்தீனியரின் கல்லறை அது. 1415-இல் ஹுஸ் எரிக்கப்பட்டார். அந்தச் சக்கரியாவின் கல்மேல் குப்புறக் கிடந்துதான் லூத்தர் துறவு வாக்குக் கொடுத்தார் என்கிறார்கள். மாமா குனிந்து கல்லைத் தொட்டார். கால்கள் பட்டுப்பட்டு உருவத்தின் முகம் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது.

இங்கே இருந்த காலத்தில் லூத்தர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் மணிக்கணக்கில் எழுந்து வரமாட்டாராம். ஏதாவது ஒரு பாவம் விட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்ற பயம். நோன்பு, இரவுச் செபம், குளிர் எதுவும் அந்தப் பயத்தைத் தீர்க்கவில்லை. கத்தோலிக்கப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த லூத்தர், சபையை உடைக்கவே வந்தவர். இந்த மடத்து அறைகளைப் பார்த்தபோது, கடவுளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அஞ்சிய ஓர் இளம் துறவிதான் எனக்குத் தெரிந்தார். 2011 செப்டம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இதே மடத்துக்கு வந்து, இரக்கமுள்ள கடவுளை நான் எப்படிக் கண்டடைவேன் என்ற கேள்வி லூத்தரை எவ்வளவு ஆழமாகத் துளைத்தது என்று பேசினார். மாமாவுக்கு இது புதுச் செய்தி. "போப்பா? இங்கேயா?" என்று இரண்டு முறை கேட்டார்.

திங்கள், ஹாலே

ஹாலேயில் ஒரு பகல்தான். ஆனால் தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரரை அழைத்துக்கொண்டு ஹாலேயைத் தாண்டிப் போக முடியாது. இங்கே படித்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குதான் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கி, சில ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிலேற்றியவர். ஃபிராங்கே நிறுவனத்தின் கலைப்பொருள் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் பனையோலைகள் இருக்கின்றன. மாமா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தார். புள்ளி இல்லாத எழுத்து, கண்ணுக்குப் பிடிபடவில்லை.

என் பங்குக்கு ஒன்றை நினைவுபடுத்தினேன். நாம் சாப்பாட்டுக்கு நடுவில் பேசுவதை அந்தக் காலத்திலேயே நம் மண்ணில் பேசி முடித்துவிட்டார்கள். வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்துத் தமிழில் உரைநடை நூல்கள் எழுதினார். அவர்களும் பதில் எழுதினார்கள். ஆக, இந்தத் தர்க்கம் நமக்கு இறக்குமதிச் சரக்காக வந்தது என்றாலும், முந்நூறு வருடமாகத் தமிழிலேயே நடக்கிறது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது தெரிந்துகொண்ட இன்னொன்று: பணம் வாங்கிக்கொண்டு பாவத்தின் தண்டனையைக் குறைப்பதாகச் சொன்ன பாவமன்னிப்புச் சலுகைச் சீட்டு விற்பனைக்குப் பின்னால் இருந்த பேராயர் ஆல்பிரெக்டுக்கும் இதே ஹாலேதான் விருப்பமான வாசஸ்தலம்.

செவ்வாய், விட்டன்பர்க்

கோட்டை ஆலயக் கதவின் முன்னால் கூட்டம். 1517-இல் இருந்த மரக்கதவு 1760-இல் போரில் எரிந்துபோனது. இப்போது இருப்பது 1858-இல் வைத்த வெண்கலக் கதவு. சலுகைச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் லூத்தர் எழுதிய 95 கோட்பாடுகளும் லத்தீனில் அதில் வார்க்கப்பட்டிருக்கின்றன. கதவோடு நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் போய்விடுகிறார்கள். நாங்கள் கைப்பேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு வரிசையாக வாசித்தோம். மாமாவுக்கு ஒரே ஆச்சரியம்: விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாகிறோம், அதாவது கடவுள் முன் ஏற்கப்படுகிறோம், என்ற போதனை அந்த 95-இல் எங்குமே இல்லை. முதல் கோட்பாடு, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்கிறது. 43-ஆவது, சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதும் தேவைப்படுகிறவனுக்குக் கடன் தருவதும் மேல் என்கிறது. இதை எந்தக் கத்தோலிக்கச் சாமியார் மறுப்பார்?

அப்படியானால் வேரோடு பிரிந்தது எங்கே? பல்கலைக்கழக வகுப்பறையில். 1513 முதல் சங்கீதங்கள், 1515-இல் ரோமர், அடுத்து கலாத்தியர் என்று லூத்தர் பாடம் நடத்தினார். இறப்பதற்கு முந்தைய வருடம், 1545-இல், தன் லத்தீன் நூல்களுக்கு எழுதிய முன்னுரையில் நடந்ததைத் தானே சொல்கிறார். ரோமர் 1:17-இல் வரும் 'தேவநீதி' அவருக்குப் பிடிக்கவே இல்லை. பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதைப் படித்துவந்தார். சட்டம் காட்டி மிரட்டியது போதாதென்று நற்செய்தியிலும் நீதியைக் காட்டி மிரட்டுகிறாரே கடவுள் என்று உள்ளுக்குள் கோபம். இரவும் பகலும் அந்த வசனத்தோடு மல்லுக்கு நின்ற பிறகு, "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற தொடர்ச்சி கண்ணில் பட்டது. கடவுள் தம் நீதியை நம்மிடம் கேட்டு வாங்குவதில்லை, நமக்குக் கொடுக்கிறார் என்று புரிந்தது. மறுபடி பிறந்து, திறந்த வாசல் வழியே பரலோகத்துக்குள் நுழைந்தது போலிருந்தது என்று எழுதுகிறார்.

இதுவரை எந்தக் கத்தோலிக்கருக்கும் தடையில்லை. புனித அகுஸ்தீனாரும் இப்படித்தான் வாசித்தார், லூத்தரே அதைச் சொல்கிறார். அடுத்த அடியில்தான் வழி பிரிகிறது. கொடுக்கப்படும் நீதி எங்கே இருக்கிறது? அகுஸ்தீனாருக்கு அது மனிதனுக்குள் இறங்கி அவனை மாற்றுகிற நீதி. முதிர்ந்த லூத்தருக்கு அது கிறிஸ்துவினுடைய நீதி, எப்போதும் நமக்கு வெளியே இருப்பது, நம்முடையதாக எண்ணப்படுவது. கடன்காரனின் கணக்கை வேறொருவர் அடைத்ததா, நோயாளியின் உடம்பில் மருந்து இறங்கியதா? இரண்டு சபைகளும் ஐந்நூறு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மாமா லுத்தரன் பதிலைச் சொன்னார்: "எனக்குள்ளே பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது அம்மா. நீதி எனக்கு வெளியே இருக்கிறது என்பதால்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்."

இத்தனை வருடத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வசனம் சொல்வார், எண் சொல்வார், பயத்தைச் சொன்னதில்லை.

மாலையில் நகர ஆலயத்தில் ஓவியர் கிரானாக் குடும்பத்துப் பட்டறையின் பலிபீட ஓவியம். 1547-இல் வைத்தது. கீழ்ப் பலகையில் இடப்பக்கம் சபையார், வலப்பக்கம் பிரசங்க மேடையில் லூத்தர். ஒரு கை திறந்த வேதத்தின் மேல் இருக்கிறது, மறு கையின் விரல் நடுவிலிருக்கும் சிலுவையைச் சுட்டுகிறது. பின்னணி வெறும் கற்சுவர். சபையார் யாரும் பிரசங்கியாரைப் பார்க்கவில்லை; அவர் விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறார்கள். 'நமக்கு வெளியே' என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை.

புதன், விட்டன்பர்க், நாள் முழுவதும் மழை

வெளியே போக முடியாததால் விடுதியின் காலை உணவு அறையிலேயே யாக்கோபை எடுத்தேன்.

"ஆதலால், மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறானென்று நீங்கள் காண்கிறீர்களே." யாக்கோபு 2:24. வேதத்திலேயே 'விசுவாசம் மட்டும்' என்ற சேர்க்கை வரும் இடம் இதுதான், அதுவும் மறுப்பாக. 1522-இல் வந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் லூத்தர் இந்த நிருபத்தை, ரோமரோடும் கலாத்தியரோடும் ஒப்பிட்டால், வைக்கோல் நிருபம் என்று எழுதினார். எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி, பொருளடக்கத்தில் மற்றவற்றுக்குப் போட்ட எண்ணை இவற்றுக்குப் போடாமல் விட்டார். வைக்கோல் வரியைப் பிற்பாடு முழு வேதாகமப் பதிப்பில் சேர்க்கவில்லை. அதே மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28-இல் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்ததும் அவர்தான். இதில் எனக்கு இன்றைக்கும் மனம் ஒப்பவில்லை, மாமாவிடமும் சொன்னேன். வேதம் மட்டுமே நியாயாதிபதி என்று சொல்லிவிட்டு, வேதத்தின் ஒரு நூலைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

மாமா கோபப்படவில்லை. அவர் பார்வையில், வேதத்துக்கு ஒரு நடு மையம் உண்டு. கிறிஸ்துவை எது முன்னிறுத்துகிறதோ அதை வைத்து மற்றதைப் படிக்கவேண்டும். கத்தோலிக்கர் வாசிப்பது வேறு முறை: எல்லா நூலும் ஒரே மட்டம், ஒன்றோடொன்று முரண்படாமல் வாசிப்பது எப்படி என்பதைச் சபையின் மரபு சொல்லும். இதை மாமா சொல்லச் சொல்ல, எங்கள் சண்டை வசனத்தைப் பற்றியதைவிட, வசனத்தை எந்த வரிசையில் வாசிப்பது என்பதைப் பற்றியது என்று பட்டது.

ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 15:6, ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. ரோமர் 4-இல் பவுல் இதை எடுத்து, பாருங்கள், அப்போது அவனுக்கு விருத்தசேதனம்கூட ஆகவில்லை, ஒரு செயலும் செய்யவில்லை என்கிறார். யாக்கோபு அதே வசனத்தை எடுத்து, ஆதியாகமம் 22-க்குப் போய், மகனைப் பலிபீடத்தில் வைத்தபோதுதான் அந்த வசனம் நிறைவேறியது என்கிறார். பவுல் கதையின் தொடக்கத்தில் நிற்கிறார், யாக்கோபு பல வருடம் தள்ளி நிற்கிறார். லுத்தரன் வாசிப்பு: மரம் நல்லதென்று கனி காட்டிக்கொடுக்கிறது, கனி மரத்தை உண்டாக்குவதில்லை. கத்தோலிக்க வாசிப்பு: முதலில் நீதிமானாக்கியது கிருபை மட்டுமே, அந்த நீதியில் ஒருவன் வளரவும் முடியும், அந்த வளர்ச்சியில் செயலுக்குப் பங்கு உண்டு. தொடக்கத்தைப் பற்றிப் பவுலும், வளர்ச்சியைப் பற்றி யாக்கோபும் பேசுகிறார்கள்.

மழை சற்று ஓய்ந்தபோது லூத்தர் தோட்டம் வரை நடந்தோம். உலகத்துச் சபைகள் ஆளுக்கொரு மரம் வைக்கும் தோட்டம். 2009 நவம்பர் 1 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் கர்தினால் வால்டர் காஸ்பர் வைத்த மரமும் அங்கே நிற்கிறது.

வெள்ளி, ஆக்ஸ்பர்க்

நேற்று முழுவதும் ரயில். எழுத ஒன்றுமில்லை.

ஆக்ஸ்பர்க்கை நான் இவ்வளவு நேசிப்பேன் என்று நினைக்கவில்லை. காலையில் ஃபுக்கெராய். 1521-இல் யாக்கோபு ஃபுக்கர் என்ற பெருவணிகர் ஏழைகளுக்காக அறக்கட்டளை எழுதிவைத்த குடியிருப்பு, இன்றும் நடக்கிறது. வருட வாடகை அன்றைய ஒரு குல்டன், இன்றைய கணக்கில் 88 சென்ட். குடியிருப்பவர் ஆக்ஸ்பர்க் வாசியாக, ஏழையாக, கத்தோலிக்கராக இருக்கவேண்டும். நிறுவியவர் குடும்பத்துக்காகத் தினமும் ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு அருள் நிறைந்த மரியே, ஒரு விசுவாச அறிக்கை சொல்லவேண்டும். மஞ்சள் பூசிய வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வாசல் மணியை இழுக்கும் இரும்புப் பிடிகள் வீட்டுக்கு வீடு வேறு வடிவம். ஒன்று இலைபோல, ஒன்று குமிழ்போல. விளக்கில்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுகொள்ள. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். கைக்கு அடக்கமாக, குளிர்ந்து இருந்தது.

இதே ஃபுக்கர்தான் பேராயர் ஆல்பிரெக்டுக்குக் கடன் கொடுத்தவர். சலுகைச் சீட்டு விற்ற பணத்தில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டடத்துக்கும், பாதி இந்தக் கடனை அடைக்கவும் போயிற்று. லூத்தரைக் கொதிக்க வைத்த பணம் புழங்கிய வீட்டிலிருந்தே ஏழைக்குக் கூரையும் வந்திருக்கிறது. தன் ஆத்துமாவுக்காகச் செபிக்கச் சொல்லிக் கட்டிய வீடு, ஆகவே இது பேரம் என்று மாமா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்நூறு வருடமாகக் கிழவர்களும் விதவைகளும் குளிரில் நடுங்காமல் தூங்கியிருக்கிறார்கள். அதைப் பேரம் என்ற ஒரு சொல்லில் அடக்க மனம் வரவில்லை. அதே சமயம், மனிதன் தன் நற்செயலைக் கணக்கில் எழுதிவைக்கிறான் என்ற லூத்தரின் சந்தேகம் வெறும் கற்பனை இல்லை என்பதையும் இங்கேதான் ஒப்புக்கொண்டேன்.

பிற்பகல் புனித அன்னம்மாள் ஆலயம். 1518 அக்டோபரில், அன்று கார்மேல் மடமாக இருந்த இந்த இடத்தில்தான் லூத்தர் தங்கினார். போப்பின் தூதரான கர்தினால் கயத்தான் அவரை ஃபுக்கர் வீட்டில் விசாரித்தார். இரண்டு விஷயத்தில் கயத்தான் விடவில்லை: சலுகைகளுக்கு ஆதாரமான சபையின் பொக்கிஷம் (கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய புண்ணியம்) ஒன்று, மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று விசுவாசி நிச்சயமாக நம்பவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி, இது புதிய சபையைக் கட்டுவதாகும் என்று கயத்தான் எழுதினார். ஆபத்து எங்கே என்று அவர் சரியாகவே பார்த்திருக்கிறார். பின்னாளில் ஆலயம் லுத்தரன் ஆனது. ஆனால் அதன் மேற்குக் கோடியில் ஃபுக்கர் குடும்பச் சிற்றாலயம் அப்படியே இருக்கிறது. கடைசிவரை கத்தோலிக்கராக இருந்த யாக்கோபு ஃபுக்கர் அதில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.

1999 அக்டோபர் 31 அன்று, இதே ஆலயத்தில், கத்தோலிக்கத் திருச்சபைக்காகக் கர்தினால் எட்வர்ட் கசிடியும், லுத்தரன் உலகச் சம்மேளனத்துக்காகப் பேராயர் கிறிஸ்டியன் கிரவுசேயும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மாமாவின் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தச் சம்மேளனத்தில் உறுப்பு. ஆலய பெஞ்சில் உட்கார்ந்து அதன் 15-ஆவது பத்தியை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்: நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார், நம் இருதயத்தைப் புதுப்பித்து, நற்செயல்களுக்கு ஆற்றல் தந்து அழைக்கும் தூய ஆவியைப் பெறுகிறோம். மாமா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்: "இதை ஏன் எங்களுக்கு யாரும் பிரசங்கத்தில் சொல்லவில்லை?"

எங்கள் பங்கிலும் சொல்லவில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்ட் இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அமெரிக்காவின் லுத்தரன் சபையான மிசௌரி சினட் இன்றும் நிராகரிக்கிறது. எதிர்த்தவர்களின் கேள்வி அடுத்த நாள் ரயிலில் எங்களையே பிடித்துக்கொண்டது.

சனி, பிரென்னர் கணவாய் வழியே

மியூனிக்கில் மாறி, மலையேறும் ரயில். ஜன்னலுக்கு வெளியே ஆல்ப்ஸ். உள்ளே ரோமர் ஏழாம் அதிகாரம். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." இதைச் சொல்கிறவன் யார்? விசுவாசியாகிவிட்ட பவுல்தான் என்று லூத்தர் வாசித்தார். ஆகவே ஞானஸ்நானம் பெற்றவனும் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும். லூத்தரின் போதனைக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கமான திரெந்து சங்கம் 1546 ஜூனில் இதற்கு நேர்மாறாகச் சொன்னது: ஞானஸ்நானத்துக்குப் பிறகும் தீய நாட்டம் மிஞ்சுகிறது, ஆனால் அது பாவம் அல்ல, பவுல் அதைப் பாவம் என்று அழைப்பது, அது பாவத்திலிருந்து வந்து பாவத்துக்குச் சாய்வதால்தான்.

மாமா நேராகக் கேட்டார்: "பவுலே பாவம் என்று சொல்கிறபோது, பாவம் இல்லை என்று சொல்லச் சபைக்கு என்ன உரிமை?" என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் கேட்டது: கிருபை வந்த பிறகும் உள்ளே எல்லாம் பாவமாகவே இருக்கிறது என்றால், அதற்கு அடுத்த அதிகாரத்தில் ஆவியின் பிரமாணம் என்னை விடுதலையாக்கிற்று என்கிறாரே, அது என்ன விடுதலை? அவரிடமும் உடனே பதில் இல்லை. போல்சானோ வரும்வரை இருவரும் பேசவில்லை.

ஞாயிறு, திரெந்து

ஊர் அழகு, இத்தாலிய வெயில். பேராலயத்துக்குள் வலப்பக்கச் சிற்றாலயத்தில் பெரிய மரச்சிலுவை. சங்கத்தின் தீர்மானங்களை இதன் முன்தான் அறிவித்தார்கள் என்கிறார்கள். 1545 முதல் 1563 வரை விட்டுவிட்டு நடந்த சங்கம். நீதிமானாக்கப்படுதல் பற்றிய தீர்மானத்துக்கு மட்டும் ஏழு மாத விவாதம். 1547 ஜனவரி 13 அன்று 16 அதிகாரம், தவறான கருத்துகளைக் கண்டிக்கும் 33 கட்டளை என்று நிறைவேறியது. ஏறத்தாழ ஆறு வருடம் முன்னால், 1541-இல், ரேகன்ஸ்பர்க்கில் இரு தரப்பு அறிஞர்களும் இதே விஷயத்தில் ஒப்புக்கொண்டு ஒரு வாசகமே எழுதியிருந்தார்கள். லூத்தருக்கும் பிடிக்கவில்லை, ரோமுக்கும் பிடிக்கவில்லை. அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

பேராலயச் சதுக்கத்தில் நீரூற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து மாமாவுக்கு முதல் கட்டளையை வாசித்தேன்: இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல், தன் சொந்தச் செயல்களாலேயே மனிதன் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன். மாமா என் கையிலிருந்து வாங்கித் தானே இன்னொரு தடவை வாசித்தார். நான் பதிலுக்கு அவருடைய சபையின் அடிப்படை ஏடான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஆறாவது பிரிவைக் காட்டினேன், விசுவாசம் நற்கனிகளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அது. ஒருவர் மற்றவரின் ஏட்டை வாசிக்காமலே எத்தனை தலைமுறை கழிந்துவிட்டது!

பிரிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினோராம் கட்டளை, கிறிஸ்துவின் நீதி எண்ணப்படுவதால் மட்டுமே, உள்ளத்தில் ஊற்றப்படும் அன்பு இல்லாமல், நீதிமானாகிறோம் என்பதைக் கண்டிக்கிறது. அதற்கு ஆதாரம் ரோமர் 5:5, "தேவ அன்பு நம்முடைய இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறபடியால்". லுத்தரன்கள் ரோமர் நான்கில் வரும் 'எண்ணப்பட்டது' என்பதில் வேர்விட்டிருக்கிறார்கள், நாங்கள் அடுத்த அதிகாரத்தின் 'ஊற்றப்பட்டது' என்பதில். நடுவில் பக்கம்கூடத் திருப்ப வேண்டியதில்லை. என் வேதாகமத்தில் இரண்டும் எதிரெதிர்ப் பத்திகளில் இருக்கின்றன. நீதி எண்ணப்படுகிறது என்ற இடத்தில் லூத்தர் பவுலை நன்றாகக் கேட்டார் என்றே நான் இப்போது நினைக்கிறேன். எண்ணியதோடு கடவுள் நிறுத்திக்கொள்வதில்லை என்ற இடத்தில் திரெந்து நன்றாகக் கேட்டது.

பதினொரு மணிப் பூசைக்கு மாமாவும் வந்தார். நற்கருணை நேரத்தில் நான் எழுந்து போனேன், அவர் பெஞ்சிலேயே இருந்தார். 1999-இல் கையெழுத்தானது நீதிமானாக்கப்படுதலைப் பற்றி மட்டும். குருத்துவம், நற்கருணை, வேதத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் ஆகியவை இன்னும் தீரவில்லை. இதே ஊரில் 1546 ஏப்ரலில், வேதத்தின் பொருளை முடிவு செய்வது தாயாகிய திருச்சபையின் உரிமை என்று தீர்மானித்தார்கள். மாமாவால் அதை ஏற்க முடியாது, என்னால் விட முடியாது. பிற்பகல் முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினோம், நாளை வெரோனா போகும் வழியிலும் பேசுவோம்.